பவர் ஹப்: திருமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் கொம்பியூட்டர் பார்த்துக் கொடுக்கிற வேலை என்னுடையது. யூஎஸ்பி ஹப் பற்றிய கேள்விகள் ஓயாமல் வரும். பாதிக் கேள்விகளுக்குப் பதில் ஒரே வரிதான்: ஹப்பை விடுங்கள், அடப்டரைப் பாருங்கள். அந்த ஒரு வரியோடு அனுப்பிவைத்தால் வந்தவர் கோபித்துக்கொள்வார். அதனால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பவர் ஹப் என்றால் என்ன? சாதாரண ஹப்போடு என்ன வித்தியாசம்?

கொம்பியூட்டரின் ஒரு யூஎஸ்பி போர்ட்டை நாலாகவோ ஏழாகவோ பிரித்துத் தருவதுதான் ஹப். சாதாரண ஹப்புக்கு ஒரு வயர்தான். தனக்கும், தன்னில் செருகிய எல்லாவற்றுக்கும் வேண்டிய கரண்டை அந்த வயர் வழியாகக் கொம்பியூட்டரிடமிருந்தே எடுக்கும். பவர் ஹப்புக்கு இன்னொரு வயர் உண்டு. அது அடப்டர் வழியாகச் சுவர் பிளக்குக்குப் போகும். ஃபைல் போவதும் வருவதும் கொம்பியூட்டரோடு, கரண்ட் மட்டும் சுவரிலிருந்து.

கணக்கைச் சொன்னால் இன்னும் விளங்கும். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று 5 வோல்ட்டில் 500 மில்லி அம்பியர் தரும். யூஎஸ்பி 3.0 என்றால் 900. சாதாரண 2.0 ஹப் ஒன்றைச் செருகினால், அந்த 500இல் தன் பங்கை ஹப் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை நாலு போர்ட்டுக்கும் தலைக்கு 100 என்று பிரிக்க வேண்டும் என்பது யூஎஸ்பி விதி. மவுஸுக்கு 100 தாராளம். உள்ளே தட்டு சுழல்கிற ஹார்ட் டிஸ்க்குக்குக் காணவே காணாது.

எனக்கு அது கட்டாயம் தேவையா?

கீபோர்ட், மவுஸ், இடைக்கிடை ஒரு பென் டிரைவ், அவ்வளவுதான் என்றால் தேவையில்லை. மலிவான சாதாரண ஹப் போதும், காசை மிச்சம் பிடியுங்கள். தனியாகக் கரண்ட் பிளக் இல்லாத ஹார்ட் டிஸ்க், ஸ்கேனர், 4ஜி டொங்கிள் போன்றவற்றில் இரண்டு மூன்று ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்றால் பவர் ஹப் வாங்குங்கள். பிரிண்டருக்குத் தன் சொந்தக் கரண்ட் வயர் இருக்கிறது, அதற்காக வாங்க வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் ‘டிக், டிக்’ என்கிறது. திரையில் வருகிறது, போகிறது. டிஸ்க் பழுதா?

அதிகம் பயந்துபோய் வருகிறவர்கள் இந்தக் கேள்வியோடுதான் வருவார்கள். கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற தம்பி ஒருவர் இப்படித்தான் வந்தார். ஒரு வீட்டுக் கொண்டாட்டம் முழுவதும் அந்த டிஸ்க்கில் இருந்தது. மெல்லிய சாதாரண ஹப், அதில் மவுஸ், கார்ட் ரீடர், டிஸ்க். காதைக் கிட்டக் கொண்டுபோனால் கேட்கும்: தட்டு சுழலத் தொடங்குகிற ‘ஸ்ஸ்’ சத்தம், முழு வேகத்தை எட்டும் முன்பே ஒரு ‘டிக்’, பிறகு அமைதி, பிறகு மறுபடியும் ‘ஸ்ஸ்’. லப்டொப்பில் செருகிய ஓசையும் கழற்றிய ஓசையும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கிற கரண்டைவிட, நின்ற தட்டைச் சுழற்றித் தொடங்கும்போது எடுக்கிற கரண்ட் அதிகம். சில டிஸ்க்குகள் அந்த ஓரிரு விநாடிக்கு 1 அம்பியர் வரை கேட்கும். கொடுக்க ஆளில்லாவிட்டால் வோல்ட் இறங்கும், டிஸ்க் நின்றுவிடும், மறுபடி தொடங்கப் பார்க்கும். அந்தத் தம்பியின் டிஸ்க்கைப் பவர் ஹப்பில் போட்டவுடன் ஒரே சீரான இரைச்சல், ஃபோல்டர்கள் திறந்தன. டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை, பசிதான்.

எல்லா ‘டிக்’கும் பசி அல்ல. ஆகவே இந்த ஒழுங்கில் பாருங்கள். முதலில் ஹப்பைக் கழற்றிவிட்டு டிஸ்க்கை நேரே கொம்பியூட்டரில் செருகுங்கள். டெஸ்க்டொப் என்றால் பின்பக்கப் போர்ட்டில். பிறகு வயரை மாற்றுங்கள். நீளமான மெல்லிய வயரிலேயே வோல்ட் கரைந்துவிடும், டிஸ்க்கோடு வந்த குட்டி வயர்தான் நல்லது. நல்ல வயர், நேர் போர்ட், பவர் ஹப் மூன்றிலும் அதே ‘டிக்’ வந்தால் உள்ளே தட்டைப் படிக்கிற தலைப்பகுதி பழுதாகியிருக்கலாம். அப்போது திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் தட்டில் கீறல் விழ வாய்ப்பு உண்டு. அப்படியே எடுத்துவைத்து, தரவு மீட்கிறவர்களிடம் கொடுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பெட்டியின் முன்பக்கத்தில் எத்தனை போர்ட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லி அடப்டரை எடுங்கள். அதன் முதுகில் பொடி எழுத்தில் ‘அவுட்புட்’ என்று ஒரு வரி இருக்கும். அங்கே இருக்கிற வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்குங்கள். 5 வோல்ட், 2 அம்பியர் என்றால் 10 வாட். 5 வோல்ட், 4 அம்பியர் என்றால் 20. 12 வோல்ட், 3 அம்பியர் என்றால் 36.

3.0 போர்ட் ஒன்றுக்கு 900 மில்லி அம்பியர் என்றால் 4.5 வாட். ஏழு போர்ட்டும் முழுதாக எடுத்தால் 31.5 வாட் வேண்டும். ஏழு போர்ட் ஹப்போடு 10 வாட் அடப்டர் வைத்து விற்கிறார்கள் என்றால் ஏழு போர்ட்டையும் நம்பாதீர்கள். டிஸ்க் ஒன்று, மற்றவை எல்லாம் சில்லறைச் சாமான் என்றால் அதுவும் ஓடும். இரண்டு டிஸ்க் என்றால் நான் 20 வாட்டுக்குக் குறைந்ததை வாங்க மாட்டேன்.

இன்னொரு ஏமாற்றம் இருக்கிறது. ஹப்பின் பக்கவாட்டில் அடப்டர் செருகும் ஓட்டை இருக்கும், பெட்டிக்குள் அடப்டர் இருக்காது. அதைப் பவர் ஹப் என்று விற்பார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் தலைகீழாகத் தட்டிப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர்.

‘இன்புட்’ வரியில் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் நாட்டில் 230. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்ததில் 110 மட்டும் என்று இருந்தால் சுவரில் செருகாதீர்கள். பிளக்கின் காலும் ஒரு தொல்லைதான். பழைய வீடுகளில் உருண்டைக் கால், புது வீடுகளில் சதுரக் கால். இடையில் ஆடுகிற மாற்றுப் பிளக்கை வைத்து ஓட்டினால், அந்த ஆட்டத்தில் விட்டுவிட்டு வருகிற கரண்ட் ஹப்பைப் பழுது என்று காட்டும். இறுக்கமான பிளக் போடுங்கள்.

அடப்டர் பழுதாகிவிட்டது. வீட்டில் கிடக்கிற வேறொன்றைச் செருகலாமா?

நுனி பொருந்துகிறது என்பதற்காகச் செருகக் கூடாது. வீட்டில் கிடக்கிற பழைய அடப்டர் பெரும்பாலும் ரவுட்டருடையதாக இருக்கும். அது பெரும்பாலும் 12 வோல்ட். ஹப் 5 வோல்ட் ரகமாக இருக்கலாம். இரண்டின் நுனியும் ஒரே அளவில் இருந்துவிட்டால் ஹப் புகையும், அதோடு அதில் செருகியிருந்த டிஸ்க்கும் சேர்ந்து போகலாம். ஹப்பின் விலையோடு போனால் பரவாயில்லை, பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்களோடு போகக் கூடாது.

மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும். வோல்ட் அச்சொட்டாக அதே எண்ணாக இருக்க வேண்டும். அம்பியர் அதே அளவு அல்லது கூட இருக்கலாம். கூட இருந்தால் தீங்கில்லை, வேண்டியதைத்தான் ஹப் எடுக்கும். மூன்றாவது, நுனியின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பது. அடப்டரிலும் ஹப்பிலும் ஒரு வளைவுக்குள் புள்ளி வைத்து இருபக்கமும் பிளஸ், மைனஸ் குறி போட்ட சின்னப் படம் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். புது ஹப் வாங்கியவுடன் அடப்டரில் ஒரு பிளாஸ்டர் துண்டை ஒட்டி ‘ஹப்’ என்று எழுதிவிடுங்கள். மேசைக்கு அடியில் கறுப்பு அடப்டர்கள் எல்லாம் ஒரே முகம்.

கரண்ட் போனால் என்ன நடக்கும்?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது பலர் யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் பற்றரியில் ஓடவைக்கிற பெட்டி, வாங்கினார்கள். இன்றைக்கும் பல வீடுகளில் கொம்பியூட்டர் யூபிஎஸ்ஸில் இருக்கிறது, திரை யூபிஎஸ்ஸில் இருக்கிறது, ஹப்பின் அடப்டர் மட்டும் சுவரில் இருக்கிறது. கரண்ட் போகிறது, கொம்பியூட்டர் நிற்கவில்லை, சந்தோஷம். ஆனால் ஹப் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது. அந்தக் கணத்தில் டிஸ்க்கில் ஃபைல் எழுதிக்கொண்டிருந்தால் அது அரைகுறையாக நிற்கும். எக்ஸ்ஃபாட் முறையில் ஃபோர்மட் செய்த டிஸ்க் என்றால் சேதம் இன்னும் கூட வரலாம், ஏனென்றால் அரைகுறையாக நின்ற வேலையைத் திருத்திக்கொள்ளும் பதிவேடு அதில் கிடையாது.

லப்டொப்பிலும் இதே கதைதான். பற்றரியில் லப்டொப் ஓடும்; ஹப் தன் அடப்டரை இழந்து, லப்டொப் போர்ட்டின் கரண்டுக்கு மாறும். கீபோர்ட்டும் மவுஸும் திரும்பி வரும், டிஸ்க் ‘டிக்’ என்று நிற்கும்.

ஆகவே ஹப்பின் அடப்டரும் யூபிஎஸ்ஸுக்கே போக வேண்டும். 20, 30 வாட் யூபிஎஸ்ஸுக்கு ஒரு சுமையே இல்லை. சில யூபிஎஸ்களில் பற்றரியோடு சேர்ந்த பிளக் தனி, வெறும் பாதுகாப்புப் பிளக் தனி. இரண்டாவதில் செருகிவிட்டு யூபிஎஸ்ஸைத் திட்டுகிறவர்கள் உண்டு. ரவுட்டருக்கு என்று விற்கிற 12 வோல்ட் குட்டி யூபிஎஸ்ஸில் 12 வோல்ட் ஹப்பை ஓட்டலாமா என்றும் கேட்கிறார்கள். அதன் அம்பியர் ஹப் அடப்டரின் அம்பியருக்குச் சமமாக இருந்தால் ஓட்டலாம், குறைவென்றால் வேண்டாம்.

கொம்பியூட்டரை நிறுத்திய பிறகும் ஹப்பின் லைட் எரிகிறதே?

ஹப்பின் லைட் எரிவது சரிதான், அதற்குச் சுவரிலிருந்து கரண்ட் வருகிறது. கொம்பியூட்டரின் லைட் எரிந்தால்தான் யோசிக்க வேண்டும். கொம்பியூட்டரை நிறுத்தி, அதன் கரண்ட் வயரையும் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஹப் மட்டும் ஓடட்டும். அப்போதும் கொம்பியூட்டருக்குள் ஏதாவது ஒரு சின்ன லைட் மினுங்கினால், ஹப் கரண்டைத் தலைகீழாகக் கொம்பியூட்டருக்குள் தள்ளுகிறது. யூஎஸ்பி விதி இதை அனுமதிப்பதில்லை. மலிவு ஹப்புகளில் அதைத் தடுக்கிற சின்னப் பாகத்தை வைக்காமல் விடுகிறார்கள். சில கொம்பியூட்டர்கள் சரியாக நிற்காது, சில சரியாகத் தொடங்காது, போர்ட்டும் கெடலாம். மாற்றித் தருகிற கடை என்றால் கொண்டுபோய் மாற்றுங்கள். இல்லையென்றால் கொம்பியூட்டரை நிறுத்தும்போதெல்லாம் ஹப்பின் சுவர் சுவிட்சையும் நிறுத்துங்கள்.

உப்புவெளியில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிறோம். ஹப் ஒன்றும் நீடிப்பதில்லை. ஏன்?

கடல் காற்று. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ரிசப்ஷன் மேசை கடலைப் பார்த்துத் திறந்திருக்கும். அதில் பாஸ்போர்ட் ஸ்கேனர், பில் பிரிண்டர், வெப்காம் எல்லாம் ஒரு ஹப்பில் தொங்கும். காற்றோடு வருகிற உப்பு ஈரம் போர்ட்டுக்குள் படிகிறது. டோர்ச் அடித்துப் பாருங்கள்: உள்ளே இருக்கிற தகடுகள் எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும். ஓரத்தில் பச்சையோ வெள்ளைத் தூளோ தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. ‘கொஞ்சம் ஆட்டினால் வேலை செய்யும்’ என்று ரிசப்ஷன் பிள்ளைகள் சொல்வது இதைத்தான். தகடு அரித்தால் தொடுப்பு மோசமாகும், வோல்ட் இறங்கும், அடப்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சாமானுக்குக் கரண்ட் போய்ச் சேராது.

அடப்டரைக் கழற்றி, கொம்பியூட்டர் வயரையும் கழற்றி, ஐசோபுரோபைல் அல்கஹோலில் நனைத்த மெல்லிய தூரிகையால் போர்ட்டைத் துடையுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு செருகுங்கள். மண்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தகட்டின் மேல்பூச்சு போய்விடும், பிறகு இன்னும் வேகமாக அரிக்கும். சமையல் எண்ணெய், மெஷின் எண்ணெய் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கச்சான் காற்றுக் காலத்தில் அந்த எண்ணெயில் மண் ஒட்டி, ஹப் சேற்றில் விழுந்த மாதிரி வந்தது.

பாவிக்காத போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி விற்கிறார்கள், விலை சொற்பம், வாங்கிப் போடுங்கள். ஹப்பைக் கிடையாக வைக்காமல் மேசையின் பக்கவாட்டில், போர்ட்டுகள் பக்கம் பார்க்க ஒட்டுங்கள். தூசும் தேத்தண்ணியும் உள்ளே போகாது. ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த டிஸ்க்கை வெளியே கொண்டுவந்த உடனே செருகவும் வேண்டாம். மூக்குக்கண்ணாடியில் படிகிற அதே ஈரம் அதிலும் படிந்திருக்கும்.

கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஆட்களின் பென் டிரைவைச் செருகிக் கழற்றுகிறேன். ஹப் நல்லதா, நேரே செருகுவது நல்லதா?

ஹப்தான். சாதாரண யூஎஸ்பி ஏ போர்ட் 1,500 தடவை செருகிக் கழற்றத் தாங்க வேண்டும் என்பதுதான் விதியில் சொன்ன அளவு. நாளைக்கு 20 பேர் போட்டோகொப்பிக்கும் பிரிண்டுக்கும் வந்தால் 75 நாளில் அந்த எண்ணிக்கை முடிந்துவிடும். அதற்குப் பிறகும் பல காலம் ஓடும்தான், ஆனால் இறுக்கம் போய்விடும். கொம்பியூட்டரின் போர்ட் தளர்ந்தால் மதர்போர்டைக் கழற்ற வேண்டும். ஹப் தளர்ந்தால் ஹப்பை மாற்றினால் சரி.

இன்னொரு லாபம்: வளைந்து, உள்ளே ஷோர்ட் ஆன பென் டிரைவ்களும் உங்கள் கவுண்டருக்கு வரும். நல்ல ஹப் அந்தப் போர்ட்டை மட்டும் நிறுத்திக்கொள்ளும். போர்ட்டுக்குப் போர்ட் தனி சுவிட்ச் உள்ள ஹப் உங்கள் மாதிரிக் கடைக்குப் பொருத்தம். வைரஸை மட்டும் எந்த ஹப்பும் தடுக்காது, அதற்கு வேறு வழி பாருங்கள்.

தம்பி, ஹப்பில் எல்லாவற்றையும் போட்டால் வேகம் குறையாதா?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டது. குறையும் ஐயா, ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. எத்தனை போர்ட் இருந்தாலும் கொம்பியூட்டருக்குப் போகிற வயர் ஒன்று. கிண்ணியாப் பக்கம் எத்தனை பஸ் வரிசையில் நின்றாலும் பாலம் ஒன்றுதானே. 3.0 ஹப்பில் அந்தப் பாலம் விநாடிக்கு 5 கிகாபிட், 2.0 ஹப்பில் 480 மெகாபிட். இரண்டு டிஸ்க்குக்கு இடையே ஒரே ஹப்பில் கொப்பி செய்தால் இரண்டும் அதையே பங்குபோடும். மெதுவான மவுஸைச் செருகினால் டிஸ்க்கும் மெதுவாகிவிடும் என்ற பயம் மட்டும் வேண்டாம். 3.0 ஹப்புக்குள் உண்மையில் இரண்டு ஹப் இருக்கின்றன, பழைய வேகத்துக்கு ஒன்று, புதியதுக்கு ஒன்று. மவுஸ் ஒரு பக்கத்தால் போகும், டிஸ்க் மறுபக்கத்தால் போகும்.

3.0 டிஸ்க் ஆமை வேகத்தில் ஓடினால், ஹப்பின் வயரைக் கொம்பியூட்டரின் எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நீல நாக்கு உள்ளதில் இல்லாமல் கறுப்பு நாக்கு உள்ளதில் இருந்தால் பெரும்பாலும் 2.0 வேகம்தான் கிடைக்கும்.

டிஸ்க்கைச் செருகியதிலிருந்து வயர்லெஸ் மவுஸ் விக்குகிறது. பேய் பிடித்ததா?

3.0 வேகத்தில் தரவு போகும்போது வயரிலும் போர்ட்டிலும் இருந்து வருகிற இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் விழும். வயர்லெஸ் மவுஸின் குட்டி டொங்கிளும் அங்கேதான் பேசுகிறது. 2012இல் இன்டெல் நிறுவனமே இதை அளந்து எழுதியிருக்கிறது. டொங்கிளை டிஸ்க்குக்குப் பக்கத்துப் போர்ட்டிலிருந்து எடுத்து, ஒரு குட்டி நீட்டிப்பு வயரில் மவுஸுக்குக் கிட்ட வையுங்கள். தீர்ந்தது. வைஃபை தடுமாறினால் ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறுங்கள்.

போன் சார்ஜ் ஏறுமா?

ஏறும், ஆற அமர. சாதாரணப் போர்ட்டில் 500 அல்லது 900 மில்லி அம்பியர்தான். மின்னல் குறி போட்ட தனிச் சார்ஜிங் போர்ட் இருந்தால் கொஞ்சம் வேகம். அவசரமென்றால் போனின் சார்ஜரையே பாவியுங்கள்.

கொஞ்ச நேரம் விட்டுவிட்டு வந்தால் ஹப்பில் உள்ள எதுவும் வேலை செய்வதில்லை. அடப்டர் நல்லது, வயரும் நல்லது.

விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்கப் போர்ட்டைத் தூங்கவைக்கிறது, சில ஹப்புகள் அந்தத் தூக்கத்திலிருந்து எழும்புவதில்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றிலும் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், கொம்பியூட்டர் இதை நிறுத்தலாம் என்று அனுமதிக்கிற சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் ஹப்பின் இரண்டு வயரையும் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு, முதலில் அடப்டரையும் பிறகு கொம்பியூட்டர் வயரையும் செருகுங்கள்.

இடி மின்னல் நேரம்?

சுவிட்சை நிறுத்தினால் போதாது, அடப்டரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஹப் ஒரு பக்கம் சுவரோடும் மறுபக்கம் கொம்பியூட்டரோடும் கட்டியிருக்கிறது. சுவரால் வருவது மதர்போர்டு வரை போகும்.

ஒரு ஹப்பில் இன்னொரு ஹப்பைச் செருகலாமா?

விதிப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து ஹப் வரை போகலாம். பவர் ஹப்பில் ஒரு சாதாரண ஹப்பைச் செருகி அதில் கீபோர்ட்டும் மவுஸும் என்றால் பிரச்சினை இல்லை. சாதாரண ஹப்பின் முனையில் பவர் ஹப்பைச் செருகினாலும் ஓடும். சாதாரணத்தில் சாதாரணத்தைத் தொங்கவிட்டு அதன் நுனியில் டிஸ்க்கைச் செருகினால் மட்டும் ஓடாது. அப்படிச் செருகிவிட்டு டிஸ்க் பழுது என்று கொண்டுவருகிறவர்கள், வரும்போது அந்த இரண்டு ஹப்பையும் சேர்த்துக் கொண்டுவந்தால் எனக்கு வேலை சுலபம்.